ரத்தம் எதைச் சுமக்கிறது, எப்படிச் சுமக்கிறது? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலையில் உயிரியல் சொல்லித் தருகிறேன். சுற்றோட்டப் பாடம் நடக்கும்போது பிள்ளைகள் மட்டுமில்லை, அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் நின்று சந்தேகம் கேட்பார்கள். ஆண்டுதோறும் அதே கேள்விகள் வருவதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். முதலில் எளியவை, போகப்போகக் கொஞ்சம் சிக்கலானவை.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். ரத்தத்தில் போகும் எந்தப் பொருளானாலும், அது எதில் ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. ரத்தம்னா சிவப்பா ஒரு தண்ணி, அவ்வளவுதானே டீச்சர்? அதுல அப்படி என்ன இருக்கு?

உறையாமல் இருக்க மருந்து சேர்த்த ரத்தத்தை ஒரு குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் அது பிரிந்துவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் நிற்பது பிளாஸ்மா, சுமார் 55 சதவீதம். அடியில் அடர் சிவப்பாகப் படிவது சிவப்பணுக்கள், சுமார் 45 சதவீதம். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைப் படலமாக வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் இருக்கும்.

பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, யூரியா போன்றவை அதில் கரைந்தே போகின்றன. கரையாதவற்றுக்குத் துணை வேண்டும். கொழுப்பும் கொலஸ்டிராலும் புரதத்தோடு சேர்ந்து நுண்துகள்களாகப் போகும். இரும்புக்கு டிரான்ஸ்ஃபெரின் என்று தனிப் புரதம் உண்டு. நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல, அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு போகின்றன. உடம்பின் வெப்பத்தைத் தசையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் தோலுக்குக் கொண்டு சேர்ப்பதும் ரத்தமே. ஆக்சிஜனுக்கு மட்டும் சிவப்பணு தேவைப்படுகிறது. ஏன் என்பதை மூன்றாவது கேள்வியில் பார்ப்போம்.

2. நாம சாப்பிடுறது எல்லாம் ரத்தமா மாறிடுமா?

மாறாது. ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. அதற்கு வேண்டிய இரும்பு, புரதம், வைட்டமின் பி12, ஃபோலிக் அமிலம் ஆகியவற்றைத்தான் சாப்பாடு தருகிறது. மற்றபடி சாப்பாட்டுச் சத்து ரத்தத்தில் ஏறிப் பயணம் செய்து வேறு இடத்தில் இறங்கிவிடும்.

சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். செரித்த பிறகு சர்க்கரையும் அமினோ அமிலமும் சிறுகுடல் சுவரில் இருக்கும் தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் ஏறுகின்றன. அங்கிருந்து நேராக இதயத்துக்குப் போவதில்லை. கல்லீரல் போர்ட்டல் சிரை என்ற ரத்தக் குழாய் வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. அது தனக்கு வேண்டியதை எடுத்துச் சேமித்துக்கொண்டு மீதியை மேலே விடுகிறது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் உடம்பு முழுவதும் சர்க்கரை தாறுமாறாக ஏறும்.

கொழுப்பின் பெரும்பகுதிக்கு வழி வேறு. அது குடலில் உள்ள நிணநீர்க் குழாய்களுக்குள் (திசுக்களில் கசிந்த நீரை ரத்தத்துக்குத் திரும்பக் கொண்டுவரும் தனிக் குழாய்கள்) போய், மார்பு வழியாக மேலே ஏறி, இடது கழுத்தெலும்புக்குக் கீழே இருக்கும் சிரையில் வந்து ரத்தத்தோடு சேர்கிறது. நன்றாக எண்ணெய் சேர்த்துச் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்தால் பிளாஸ்மா பால் கலந்ததுபோல் கலங்கியிருப்பது இதனால்தான்.

3. ஆக்சிஜனும் தண்ணியில கரைஞ்சே போகலாமே? எதுக்கு ஹீமோகுளோபின்?

ஆக்சிஜன் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். நம் தமனி ரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 3 மில்லிலிட்டர் ஆக்சிஜன் மட்டுமே கரைந்திருக்கிறது. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் புரதத்தில் ஏறிப் போவது ஏறக்குறைய 200 மில்லிலிட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கே நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிஜன் வேண்டும். கரைந்திருப்பதை மட்டும் நம்பினால் இதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் ரத்தம் தள்ள வேண்டியிருக்கும். அது தள்ளுவதோ 5 லிட்டர்.

ஒரு ஹீமோகுளோபினில் நான்கு இரும்பு அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். இதில் பிடிப்பதைவிட விடுவதுதான் எனக்குப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது. நுரையீரலில் ஆக்சிஜன் நிறைய இருக்கும்போது பிடித்துக்கொள்கிறது. உழைக்கும் தசையில் ஆக்சிஜன் குறைவு, கார்பன் டை ஆக்சைடும் அமிலத்தன்மையும் வெப்பமும் அதிகம். இந்த நிலை வந்ததும் பிடி தளர்ந்து ஆக்சிஜனை இறக்கிவிடுகிறது. எங்கே தேவை அதிகமோ அங்கே அதிகம் இறங்கும்.

தென்துருவக் கடலில் ஐஸ் மீன் என்ற ஒருவகை உண்டு. அதற்கு ஹீமோகுளோபினே கிடையாது, ரத்தம் நிறமற்றது. உறைநிலைக்குக் கிட்டத்தட்ட இருக்கும் அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும், மீனின் தேவையும் குறைவு. அப்படியும் அதற்குப் பெரிய இதயமும் நிறைய ரத்தமும் தேவைப்படுகின்றன. நம் ஊர்க் கடலின் சூட்டில் அந்த மீன் பிழைக்காது.

4. திரும்பி வரும்போது அதே இடத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கும், சரிதானே?

தேர்வில் நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். சரியில்லை. கார்பன் டை ஆக்சைடில் சுமார் 70 சதவீதம் பைகார்பனேட்டாக மாறி பிளாஸ்மாவில் கரைந்து போகிறது. அந்த மாற்றத்தைச் சிவப்பணுவுக்குள் இருக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி நொடியில் முடித்துவிடும். சுமார் 7 சதவீதம் அப்படியே கரைந்து போகும். மீதிதான் ஹீமோகுளோபினில் ஏறுகிறது. அதுவும் இரும்பில் இல்லை, புரதப் பகுதியில். ஆகவே இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுவதில்லை.

இரும்பில் உண்மையிலேயே போட்டி போடுவது கார்பன் மோனாக்சைடு. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். மூடிய அறையில் ஜெனரேட்டர் ஓட்டவோ கரி மூட்டவோ கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். வாசனையும் இல்லை, மூச்சுத் திணறலும் முதலில் தெரியாது.

5. தமனி ஒரு பக்கம், சிரை ஒரு பக்கம். ரெண்டும் எங்க போய்ச் சேருது?

தந்துகிகளில். வில்லியம் ஹார்வி 1628இல் ரத்தம் சுற்றி வருகிறது என்று கணக்குப் போட்டு நிறுவியபோது இந்தக் கேள்விக்குக் கண்ணால் கண்ட பதில் அவரிடம் இல்லை. நடுவில் ஏதோ இணைப்பு இருந்தாக வேண்டும் என்று மட்டும் தெரிந்திருந்தது. 1661இல் மால்பிஜி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து அந்த இணைப்பைக் கண்டுபிடித்தார்.

தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் தடிமன். உள்ளே சிவப்பணு ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்து போகிற அளவுக்குக் குறுகல். ஏறுவதும் இறங்குவதும் நடப்பது இங்கேதான். தமனியும் சிரையும் கொண்டுபோய் விடும், கொண்டு வரும், அவ்வளவே. பள்ளியில் நுண்ணோக்கி இருந்தால் சிறிய மீன் குஞ்சு ஒன்றை ஈரப் பஞ்சில் சில நிமிடம் கிடத்தி, வால் துடுப்பைப் பாருங்கள். சிவப்பணுக்கள் வரிசையாக ஓடுவது தெரியும். பார்த்ததும் மீனைத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். இதைப் பார்த்த பிள்ளைகள் அப்புறம் இந்தப் பாடத்தை மறப்பதே இல்லை.

6. கையில நரம்பு நீலமா தெரியுதே, அது கெட்ட ரத்தமா?

கையில் நீலமாகத் தெரிவது சிரை. ஆனால் உள்ளே ஓடுவது அடர் சிவப்பு ரத்தம்தான். தோலும் ரத்தமும் ஒளியைச் சிதறடித்து உறிஞ்சும் விதத்தால் நீலமாகத் தோன்றுகிறது. ஊசி போட்டு எடுக்கும்போது வருகிற நிறத்தைப் பார்த்தாலே தெரியும். கெட்ட ரத்தம் என்றும் எதுவும் இல்லை. சிரை ரத்தத்தில், ஓய்வாக இருக்கும்போது, முக்கால் பங்கு ஆக்சிஜன் இன்னும் மிச்சம் இருக்கிறது.

இன்னொன்று. தமனி என்றால் ஆக்சிஜன் நிறைந்தது, சிரை என்றால் குறைந்தது என்று மனப்பாடம் செய்யாதீர்கள். இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டு வருவது சிரை. நுரையீரல் தமனியில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான் போகிறது. கடைசிக் கேள்வியில் இதற்கு இன்னொரு உதாரணம் வரும்.

7. இறாலை உரிச்சா ரத்தமே வரலியே, அதுக்கு ரத்தம் கெடையாதா?

உண்டு. நிறம் மிகக் குறைவாக இருப்பதால் தண்ணீர் என்று நினைத்துக் கழுவிவிடுகிறோம். இறால், நண்டு, சிங்கி இறால் எல்லாவற்றுக்கும் முதுகுப் பக்கம் இதயம் இருக்கிறது. ஆனால் அவற்றுக்குத் திறந்த வகைச் சுற்றோட்டம். இதயம் தள்ளும் திரவம் குழாய்களின் முனையில் வெளியே வந்து உறுப்புகளின் மேலேயே பாய்ந்து, மெல்ல இதயத்துக்குத் திரும்புகிறது. பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து மடை திறந்ததும் வயல் முழுக்கப் பரவுகிற மாதிரி. நம்முடையது கடைசி வரை குழாய்க்குள்ளேயே ஓடும் மூடிய வகை. பரவ விட்டால் அழுத்தம் இருக்காது, வேகம் இருக்காது, எந்த உறுப்புக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பதும் கடினம்.

இறாலின் முதுகில் கறுப்பாக இழுத்து எடுப்பது ரத்தக் குழாய் இல்லை. அது குடல். நண்டு அவிக்கும்போது வெள்ளையாகத் திரண்டு நிற்கிறதே, அதில் ஒரு பகுதி அதன் ரத்தத்திலுள்ள புரதம்.

8. கணவாய்க்கு நீல ரத்தம்னு சொல்றாங்களே, அந்த மையா?

மை வேறு, ரத்தம் வேறு. மை தனிப் பையில் இருக்கும், எதிரியைத் தடுமாற வைக்கப் பீய்ச்சுவது. கணவாயின் ரத்தத்தில் ஹீமோகுளோபினுக்குப் பதிலாக ஹீமோசயனின் இருக்கிறது. அதில் இரும்பு இல்லை, செம்பு. ஆக்சிஜன் ஏறியதும் நீலமாகும், இறங்கியதும் நிறம் போய்விடும். வெட்டும்போது நமக்குத் தெளிவாகத் தெரியாததற்கு அதுவே காரணம். இறாலும் நண்டும் இதே ஹீமோசயனினைத்தான் வைத்திருக்கின்றன.

ஆனால் கணவாய் வேகமாக நீந்தி வேட்டையாடுகிற உயிர். திறந்த வகை அதற்குக் கட்டுப்படியாகாது. மெல்லுடலிகளில் சிப்பியும் நத்தையும் திறந்த வகையாக இருக்க, கணவாயும் ஆக்டோபஸும் மூடிய வகைக்கு வந்திருக்கின்றன. மூன்று இதயங்கள் வேறு. இரண்டு, செவுள்களுக்கு ரத்தம் தள்ள. ஒன்று, உடம்புக்குத் தள்ள.

9. கரப்பான் பூச்சி ரத்தம் வெள்ளையா இருக்கே, அதுல என்ன இருக்கு?

ஆக்சிஜன் சுமக்கும் நிறமி எதுவும் அதில் இல்லை. அதன் இதயம் 13 அறைகள் கொண்ட நீளக் குழாய். அது சத்தையும் ஹார்மோனையும் கழிவையும் கடத்துகிறது. ஆக்சிஜனுக்குத் தனி வழி. உடம்பின் பக்கவாட்டிலுள்ள துளைகள் வழியாகக் காற்று நுழைந்து, கிளை கிளையாகப் பிரியும் மூச்சுக் குழல்கள் வழியாக நேராகச் செல்களுக்கே போய்விடும். ரத்தம் என்றாலே ஆக்சிஜன் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் கரப்பானைத்தான் காட்டுவேன்.

கொசுவை அடித்தால் சிவப்பு வருகிறதே என்று அடுத்த கேள்வி உடனே வரும். அது நம் ரத்தம்.

10. கோதையாறு போனப்ப அட்டை கடிச்சது. பிடுங்கின பிறகும் ரத்தம் நிக்கவே இல்லை. ஏன்?

அட்டையின் உமிழ்நீரில் ஹிருடின் என்ற பொருள் இருக்கிறது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய திராம்பின் என்ற நொதியை அது கட்டிப்போடும். குடிக்கும்போது வாயிலும் வயிற்றிலும் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க அட்டைக்கு அது தேவை. காயத்தில் தங்கிய ஹிருடின் கரைந்து போகும் வரை கசியும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும். 1884இல் ஜான் ஹேகிராஃப்ட் அட்டையில் இப்படி ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். இன்று ஹிருடினை மாதிரியாக வைத்துச் செய்த உறைதடுப்பு மருந்துகள் பயன்பாட்டில் இருக்கின்றன.

11. மீனுக்கு ரெண்டு அறை இதயம்தான். நமக்கு எதுக்கு நாலு?

மீனின் இதயத்துக்கு ஆக்சிஜன் குறைந்த ரத்தம் மட்டுமே வருகிறது. அது செவுளுக்குப் போய் ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு, இதயத்துக்குத் திரும்பாமல் அப்படியே உடம்புக்குப் போகிறது. ஒரு சுற்றில் ஒரே முறை இதயம். செவுளின் தந்துகிகளைக் கடக்கும்போதே அழுத்தம் குறைந்துவிடும். தண்ணீர் தாங்கிப் பிடிக்கிற, உடம்பைச் சூடாக வைத்திருக்க வேண்டாத உயிருக்கு அது போதும்.

நமக்கு நுரையீரலிலிருந்து ரத்தம் மறுபடி இதயத்துக்கு வந்து, புது அழுத்தத்தோடு உடம்புக்குப் போகிறது. தவளைக்கும் பல்லிக்கும் மூன்று அறை, இரண்டு ரத்தமும் ஓரளவு கலக்கும். முதலை, பறவை, பாலூட்டி மூன்றுக்கும் நான்கு அறை. பறவையும் பாலூட்டியும் உடம்பைச் சூடாக வைக்க நிறைய எரிக்க வேண்டும், அதற்குக் கலப்பில்லாத ரத்தம் உயர் அழுத்தத்தில் போயாக வேண்டும். நுரையீரலின் மெல்லிய தந்துகிகளோ அவ்வளவு அழுத்தத்தைத் தாங்காது. வலது பக்கம் மெல்லத் தள்ளவும் இடது பக்கம் பலமாகத் தள்ளவும் நடுவில் ஒரு முழுச்சுவர் வேண்டியிருக்கிறது.

12. சூரை மீன் மட்டும் ஏன் ஆட்டிறைச்சி மாதிரி சிவப்பா இருக்கு? பிடிச்ச உடனே தொட்டா சூடா இருக்கும்னு வேற சொல்றாங்க.

இதைக் கேட்டவர் தூத்தூர் பக்கத்துப் பையன். அவன் அப்பா ஆழ்கடலில் தூண்டில் போடுபவர். அவர் சொன்னது உண்மை. சூரை நிற்காமல் நீந்துகிற மீன். அதன் தசையில் மயோகுளோபின் நிறைய. ஹீமோகுளோபின் கொண்டு வரும் ஆக்சிஜனைத் தசைக்குள் வாங்கி வைப்பது அதுதான், அதற்கும் இரும்பால் சிவப்பு நிறம்.

சூடு இன்னும் அழகான விஷயம். சாதாரண மீனில் தசையின் வெப்பத்தைச் சிரை ரத்தம் செவுளுக்குக் கொண்டுபோக, அது கடலில் கரைந்து போய்விடும். சூரையில் உள்ளே போகும் குளிர்ந்த தமனியும் வெளியே வரும் சூடான சிரையும் நூற்றுக்கணக்கான நுண்கிளைகளாகப் பிரிந்து, எதிரெதிர்த் திசையில் ஒன்றையொன்று உரசி ஓடுகின்றன. சிரையின் வெப்பம் அங்கேயே தமனிக்கு மாறித் தசைக்குத் திரும்பிவிடும். அதனால் நீந்தும் தசை கடல் தண்ணீரைவிடப் பல டிகிரி சூடாக இருக்கும். சூடான தசைக்குப் பலமும் அதிகம்.

எதிரெதிர் ஓட்டம் என்ற இதே ஏற்பாடு எல்லா மீன்களின் செவுளிலும் ஆக்சிஜனுக்காக உண்டு. தண்ணீர் ஒரு திசை, ரத்தம் எதிர்த்திசை. கடைசி வரை தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலாகவே இருப்பதால் பெரும்பகுதியை உறிஞ்சிவிட முடிகிறது.

13. சந்தையில செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கணும்னு அம்மா சொல்றாங்க. என்ன கணக்கு?

செவுளின் தந்துகிகளில் ரத்தம் தோலுக்கு மிக அருகில் நிற்கிறது. மீன் செத்து நேரம் ஆக ஆக ஹீமோகுளோபினின் இரும்பு மாறிப் பழுப்பாகும். பளிச்சென்ற சிவப்பு என்றால் புதுசு, பழுப்பு என்றால் பழசு. கண்ணையும் வாசனையையும் சேர்த்துப் பாருங்கள்.

14. குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் சிப்பி எடுக்க முங்குறவங்க எப்படி அவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்கிறாங்க?

முகம் தண்ணீரில் பட்டு மூச்சும் நின்றதும் உடம்பு தானாகவே மூன்று வேலை செய்கிறது. இதயத் துடிப்பு குறையும். கைகால்களுக்குப் போகும் குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விடப்படும். மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை ஓட்டத்தில் விடும். எல்லோருக்கும் இது உண்டு, பழகியவர்களுக்கு நன்றாகக் கைகொடுக்கும். தலைமுறை தலைமுறையாகக் கடலில் முங்கி வாழும் இந்தோனேசியாவின் பஜாவ் மக்களின் மண்ணீரல், அருகில் கரையில் வாழ்பவர்களுடையதைவிட ஏறக்குறைய 50 சதவீதம் பெரியது என்று 2018இல் ஓர் ஆய்வு காட்டியது.

ஒரு எச்சரிக்கை, இதைப் பிள்ளைகள் கவனமாகப் படிக்க வேண்டும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் அதிக நேரம் இருக்கலாம் என்று சொல்வார்கள். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடுவதில்லை, ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பித்தான் இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். மூச்சு விடத் தூண்டுவது முக்கியமாக அந்தக் கார்பன் டை ஆக்சைடு. தூண்டல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். குளத்திலும் இது நடக்கும். செய்யவே செய்யாதீர்கள்.

15. ரப்பர் மரத்துல வடியுற பால் அந்த மரத்தோட ரத்தமா?

விலங்குப் பாடத்தில் மரம் ஏன் என்று கேட்கலாம். பால்வெட்டும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் தவறாமல் கேட்பதால் சேர்த்திருக்கிறேன். ரத்தம் இல்லை. மரத்தில் தண்ணீரைக் கடத்துவது சைலம், உணவைக் கடத்துவது புளோயம். பால் இருப்பது பட்டையில் தனியாக ஓடும் பால் குழல்களில். அது எதையும் கடத்துவதில்லை, பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ள மரம் வைத்திருப்பது என்றே கருதப்படுகிறது. மரத்துக்கு இதயமும் கிடையாது. விடியுமுன் வெட்டினால் பால் அதிகம் வருவது, இரவில் மரத்தில் நீர் நிறைந்து அழுத்தம் கூடியிருப்பதால். வெட்டிய இடத்தில் சில மணி நேரத்தில் பால் தானே உறைந்து அடைத்துக்கொள்வது மட்டும் நம் ரத்தத்துக்கு ஒப்பானது.

16. பீட்ரூட், மாதுளை சாப்பிட்டா ரத்தம் ஊறும்தானே? ஆட்டு ரத்தம் பொரிச்சுத் தின்னா இன்னும் நல்லதா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை, அதில் இரும்பு குறைவுதான். ஆட்டு ரத்தத்தில் இரும்பு நிறைய உண்டு. ஆனால் அதுவும் ரத்தமாக நமக்குள் போவதில்லை. குடலில் உடைந்து, இரும்பும் அமினோ அமிலமுமாகத்தான் பயன்படும். இறைச்சி, ஈரல், சூரை போன்ற சிவப்பு மீன் இவற்றிலுள்ள இரும்பு எளிதாக உள்ளே ஏறும். கீரை, பயறில் இருப்பது சிரமப்பட்டு ஏறும். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் நன்றாக ஏறும். சாப்பிட்டவுடன் தேயிலை குடித்தால் தடைபடும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பழசானதை உடைத்து அதன் இரும்பை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் உணவிலிருந்து நாளுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் உள்ளே ஏறினால் போதும். மாதவிடாயிலும் பிரசவத்திலும் ரத்தம் போகிற பெண்களுக்குத்தான் இந்தக் கணக்கு துண்டு விழுகிறது. சோர்வும் மூச்சு வாங்குவதும் இருந்தால் வீட்டு வைத்தியத்தில் மாதங்களைக் கழிக்காமல் ஹீமோகுளோபின் பரிசோதித்துப் பாருங்கள்.

17. மரச்சீனி அவிச்ச தண்ணியை வடிச்சுடணும்னு பாட்டி சொல்லுவா. அதுக்கும் ரத்தத்துக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு, பாட்டி சொன்னதும் சரி. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சிக் காலம் 1880–1885) இந்தக் கிழங்கைப் பரப்பிய நாளிலிருந்தே சமையலோடு சேர்ந்து வந்த அறிவு இது. பச்சை மரச்சீனியில், குறிப்பாகக் கசப்பு வகையில், சயனைடைத் தரும் பொருள் இருக்கிறது. நிறையத் தண்ணீரில் திறந்து வைத்து வேகவைத்து வடித்தால் பெரும்பகுதி போய்விடும்.

நாலாவது கேள்வியில் பார்த்த கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனை ஏறவே விடாது. சயனைடு வேறு இடத்தில் தாக்கும். ரத்தம் ஆக்சிஜனை ஒழுங்காகக் கொண்டுவந்தாலும் செல் அதைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடும். இறங்கிப் பயனில்லாததால் சிரை ரத்தம்கூடப் பளிச்சென்ற சிவப்பாகவே திரும்பும். சிறிய அளவைக் கல்லீரல் கந்தகம் சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்றும், ரத்தம் அதைச் சிறுநீரகத்துக்குக் கொண்டுபோகும், சிறுநீரில் வெளியேறும். அந்தக் கந்தகம் வருவது புரதத்திலிருந்து. மரச்சீனிக்கு மீன் குழம்பு வைத்துச் சாப்பிடுவது நாக்குக்கு மட்டும் நல்லதில்லை.

18. தோட்டத்துல பாம்பு கடிச்சா, விஷம் ரத்தத்துல ஏறாம இறுக்கிக் கட்டலாமா?

கட்டாதீர்கள். விஷத்தின் பெரிய புரத மூலக்கூறுகள் பல, தந்துகிக்குள் நேராக ஏற முடியாமல் நிணநீர் வழியாகத்தான் மெல்லப் போகின்றன. நிணநீருக்குத் தள்ள இதயம் இல்லை, தசை அசையும்போதுதான் நகரும். ஆகவே கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைப்பதே உண்மையான முதலுதவி. இறுக்கிக் கட்டினால் தமனி ரத்தம் நின்று சதை அழுகும், அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பாயும். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய மருத்துவமனை கிட்டே இருந்தால் நேரத்தை வேறெங்கும் வீணாக்க வேண்டாம்.

அங்கே ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார்கள். கண்ணாடி விரியன் விஷம் உறைவதற்கான பொருள்களைத் தீர்த்துவிடுவதால் ரத்தம் உறையாது. கட்டு விரியனும் நல்ல பாம்பும் நரம்பைத் தாக்குபவை. அவற்றில் ரத்தம் உறைந்தாலும் ஆபத்து இல்லை என்று பொருள் கிடையாது.

19. யானைக்கால் நோய்க்கு ராத்திரிதான் ரத்தம் எடுப்பாங்களாம். பகல்ல எடுத்தா என்ன?

இந்த நோயை உண்டாக்குபவை புழுக்கள். வளர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் இருக்கின்றன. அந்தக் குழாய்கள் அடைபடுவதால்தான் கால் வீங்குகிறது. புழுக்களின் நுண்குஞ்சுகள் பகலில் நுரையீரல் தந்துகிகளில் தங்கிவிட்டு, இரவில்தான், நள்ளிரவையொட்டி மிக அதிகமாக, வெளி ரத்த ஓட்டத்துக்கு வருகின்றன. பரப்பும் கொசு கடிக்கிற நேரமும் அதுவே. பகலில் விரலைக் குத்தினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

20. ரத்தம் குடுத்தா உடம்புல குறைஞ்சுடாதா? எங்க வீட்டுக்காரர் பயப்படுறார்.

வழக்கமாக எடுப்பது 350 மில்லிலிட்டர். பிளாஸ்மா ஓரிரு நாளில் நிறைந்துவிடும். சிவப்பணுக்கள் நிறையச் சில வாரங்கள் ஆகும், இரும்பு ஈடாக இன்னும் கொஞ்சம் கூடுதல் நாள். அதனால்தான் ஆண்களுக்கு மூன்று மாதம், பெண்களுக்கு நான்கு மாதம் இடைவெளி வைத்திருக்கிறார்கள். எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 12.5 கிராமும் இல்லாவிட்டால் அவர்களே எடுக்க மாட்டார்கள். தைரியமாகப் போகச் சொல்லுங்கள்.

21. வயித்துல இருக்கிற பிள்ளைக்குள்ள அம்மாவோட ரத்தம்தானே ஓடுது? பின்ன எப்படி குரூப் மாறுது?

ஓடுவது பிள்ளையின் சொந்த ரத்தம். தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் நஞ்சுக்கொடியில் மெல்லிய சுவருக்கு இரு பக்கமும் நிற்கின்றன, கலப்பதில்லை. ஆக்சிஜன், சர்க்கரை, அமினோ அமிலம், தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு வகை எல்லாம் சுவரைத் தாண்டிப் பிள்ளையிடம் ஏறும். யூரியாவும் கார்பன் டை ஆக்சைடும் இந்தப் பக்கம் வரும். மதுவும் நிகோடினும் பல மருந்துகளும்கூடத் தாண்டும்.

இரண்டும் ஹீமோகுளோபின் என்றால் தாயுடையது ஏன் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறது என்று கூர்மையான பிள்ளைகள் கேட்பார்கள். கருவிலிருக்கும் பிள்ளையின் ஹீமோகுளோபின் சற்று வேறு வகை, ஆக்சிஜனைத் தாயுடையதைவிட இறுக்கமாகப் பிடிக்கும். பிறந்த பிறகு சில மாதங்களில் அது பெரியவர்களின் வகைக்கு மாறிவிடும். ஆறாவது கேள்வியில் சொன்ன உதாரணமும் இங்கேதான் இருக்கிறது. தொப்புள்கொடியில் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தைப் பிள்ளையின் இதயத்தை நோக்கிக் கொண்டு வருவது சிரை.

ஆனால் முக்கியமாகப் பிரசவ நேரத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாய்க்குள் கசியலாம். ரத்த வகையில் தாய் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால் தாயின் உடம்பு எதிர்ப்புப் பொருளை உருவாக்கி, அடுத்த பிள்ளையின் சிவப்பணுக்களை அது தாக்கும். பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட்டுக்கொண்டால் இதைத் தடுக்கலாம். கர்ப்பம் உறுதியானதும் முதல் பரிசோதனையிலேயே ரத்த வகையைப் பார்த்து அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.